மாமா வாங்கிய லூனெத்

எங்கள் வீட்டுத் தமிழில் 'லூனெத்' என்றொரு சொல் உண்டு. காரைக்காலில் கப்பலேறி சைகோனுக்கு வந்த எங்கள் ஆட்கள் பெட்டி படுக்கையோடு கொண்டு வந்த பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரன் போனான், அமெரிக்கன் போனான், எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் பாரிசுக்குப் போனார்கள், ஊருக்கே வேறு பெயர் வந்தது. லூனெத் மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. மூக்கில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடிக்கும் அதுதான் பெயர். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டும் குழாய்க்கும் அதுதான் பெயர். பிரெஞ்சில் இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் உண்டென்று வளர்ந்த பிறகு ஒருவர் எனக்கு விளக்கினார். எங்கள் வீட்டில் அந்த வித்தியாசத்தை யாரும் மதித்ததில்லை. வந்த குழப்பமெல்லாம் அதனால்தான் வந்தது.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. போர் முடிந்து வருஷக்கணக்காகி, ஊரில் மறுபடியும் கடை கண்ணிகள் திறக்க ஆரம்பித்திருந்த காலம். டிஸ்ட்ரிக்ட் 1-இல், பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கீழே வாப்பாவின் தையற்கடை, மேலே வீடு. உம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நரைத்துப் போனவர்.

மாமாவுக்கு டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். எலி சுடுகிற வேலை. வெளிநாட்டுக்கு ஏற்றுவதற்காகக் கணவாய்க் கருவாடும் பட்டையும் பூவேலை செய்த துணியும் அங்கே மலைமலையாக அடுக்கியிருக்கும். தின்கிற பண்டம் இருக்கும் இடத்தில் மருந்து வைக்க முடியாது. பூனை வளர்த்துப் பார்த்தார்கள். பூனைகளுக்கு எலியைவிடக் கருவாடு பிடித்துப் போயிற்று. கடைசியில் யாரோ ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து போட, அதைத் தூக்கிப் பிடிக்கத் தெரிந்தவர் என்று மாமாவை எடுத்துக்கொண்டார்கள். அவர் அதை 'கராபின்' என்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இந்த ஊரில் எல்லோரும் ஒரு தூக்கம் போடுவார்கள் அல்லவா? கிடங்கிலும் மேலே இருந்து கீழே வரை அத்தனை பேரும் அட்டையை விரித்துப் படுத்துவிடுவார்கள். எலிகள் வெளியே வருவது அந்த நேரத்தில்தான். ஊரே தூங்கும்போது முழித்திருப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் எங்கள் மாமாவாகத்தான் இருக்கவேண்டும்.

சுடுவதில் அவர் கெட்டிக்காரர். வாலிபத்தில் பொருட்காட்சிக்குப் போனால் பலூன் சுடுகிற கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் கடையைச் சாத்தும் அளவுக்குப் பெயர் எடுத்தவராம். இதைச் சொன்னது மாமாவேதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குக்குப் பின்னால் வட்டம் போட்ட காகிதத்தை ஒட்டி அவர் சுட்டுப் பழகியது உண்மை. நடு வட்டம் மட்டும் பொத்தலாகிப் போன அந்தக் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். உம்மா அவற்றை அலமாரித் தட்டில் விரித்து மேலே மிளகாய்த்தூள் டப்பாக்களை அடுக்குவாள்.

எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அந்தக் காகிதங்கள் வருவது நின்றுபோயிற்று. தட்டில் பழைய காகிதமே கிடந்து மஞ்சளானது. அதே சமயம் மாமா தேநீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்தார். உம்மா பார்த்துப் பார்த்துச் சொல்லுவாள், கண்ணுக்கு ஒரு லூனெத் வாங்கிப் போடு என்று. மாமாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. கெட்டில் மூக்கு கோணலாக இருக்கிறது என்பார்.

பிறகு கிடங்கில் ஒரு விவகாரம் ஆயிற்று. வெளிநாட்டில் எவனோ கணவாயைக் கடிக்கப்போய் ஈயக்குண்டைக் கடித்துவிட்டான். எலிக்குப் போகவேண்டிய குண்டு பொட்டலத்துக்குப் போயிருக்கிறது. அந்த மாதம்தான் கிடங்குக்கு ஒரு புது மேலாளரம்மா வந்திருந்தாள். அவள் சத்தம் போடவில்லையாம். வருகிற சனிக்கிழமை மத்தியானம் பின்கட்டுச் சுவரில் பால் டப்பாக்களை வைப்போம், நீங்கள் சுட்டுக் காட்டுங்கள், குறி சரியாக இருந்தால் துப்பாக்கி உங்களிடமே இருக்கட்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான், உங்களுக்குத் தர வேறு வேலை என்னிடம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். சம்பளம் போனால் மாமா அக்கா வீட்டுச் சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் அவர் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் அவர் உம்மாவிடம் வந்து நின்றார்.

"லாத்தா, ஒரு லூனெத் வாங்கலாம்னு இருக்கேன். அது இல்லாம இனி ஆவாது."

உம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பெருநாள் வந்ததுபோல ஆகிவிட்டாள்.

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே! நல்லதா பாத்து வாங்கு தம்பி. கனமா வாங்கிடாத, மூக்கு வலிக்கும்."

"மூக்குல எங்க லாத்தா படுது? ஒதச்சா புருவத்துலதான் வந்து இடிக்கும்."

உம்மா ஒரு கணம் திகைத்தாள். புது மாடலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். ரொம்ப விலை போட்டு வாங்க வேண்டியதில்லை, நம் சக்திக்கு ஏற்றமாதிரி ஒன்று போதும் என்றார் மாமா. அதற்காக மட்டமானதாக வாங்கி முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள் உம்மா. இருவரும் ஒருவருக்கொருவர் இவ்வளவு இணக்கமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் உம்மா என்னைக் கூப்பிட்டு, இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், நீயும் மாமாவோடு போ, எதைப் போட்டால் அழகாக இருக்கிறதோ அதைச் சொல்லு என்று தலைசீவி அனுப்பிவைத்தாள்.

அதனால் நானும் கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாமா என்னை இட்டுப்போனது யன் சின் சந்தைக்கு. பழைய பட்டாளத்துச் சாமான்கள் விற்கிற இடம். இரும்புத் தொப்பி, தண்ணீர்க் குடுவை, பூட்ஸ், டார்ச் விளக்கு, பாராசூட் துணி என்று வழியெல்லாம் தொங்கும். மூக்குக்கண்ணாடி எங்கேயும் காணோம். ஒரு குறுக்குச் சந்தில் குண்டுப்பெட்டி மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரியின் முன்னால் மாமா குந்தினார். அவள் ஒரு பழைய போர்வையை விரித்துக் குழாய் குழாயாக எடுத்து வைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதை எப்படிக் காதில் மாட்டுவது?

மாமா வியட்நாமிய மொழியில் அவளிடம் பேச ஆரம்பித்ததும், இவர் எல்லாம் யோசித்துவைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ரொம்பப் பெரிதாக்கிக் காட்டுகிற குழாய் வேண்டாம், அதில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், நாலு மடங்கு போதும் என்றார். காற்றுத் துப்பாக்கி மற்றத் துப்பாக்கி மாதிரி பின்னால் மட்டும் உதைக்காது, உள்ளே இருக்கும் சுருள்வில் முன்னும் பின்னும் உலுக்கும், பெரிய துப்பாக்கிக்குச் செய்த விலையுயர்ந்த குழாய்கூட அந்த உலுக்கலில் உள்ளே கழன்றுவிடும், அதைத் தாங்குமா என்றார். எலி நிற்பது பத்துப் பதினைந்து கெஜத்தில், அவ்வளவு கிட்டத்தில் தெளிவாகத் தெரியுமா என்றார். கடைக்காரி எல்லாவற்றுக்கும் தாங்கும், தெரியும் என்றாள். எந்தக் குழாயைக் கேட்டாலும் இது ஒரு கர்னல் விட்டுப்போனது என்பாள். அவள் கடையில் இருந்த நகவெட்டிகூட ஒரு கர்னல் விட்டுப்போனதுதான்.

முதலில் ஒல்லியாக, புல்லாங்குழல் பருமனில் ஒரு சீனக் குழாய். மாமா அதைக் கண்ணில் வைத்துத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் டயர் ஒட்டுகிறவன் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். உள்ளே பனி மூட்டமாக இருக்கிறது என்று திருப்பிக்கொடுத்தார். அடுத்தது ரஷ்யக் குழாய். உலக்கை கனம். அதிலும் பனி. மூன்றாவது, பக்கத்தில் திருகினால் பெரிதும் சிறிதுமாகக் காட்டுகிற அமெரிக்கக் குழாய். அதை அவர் நெடுநேரம் பார்த்தார். துடைத்துப் பார்த்தார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் நம் புடிச்சிருக்கு," என்றார் என்னிடம்.

'நம்' என்றால் வியட்நாமிய மொழியில் பூஞ்சக்காளான். இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடிச் சில்லுக்குள் அது பூத்துவிடுமாம். ஆனால் எனக்குத் தெரிந்த 'நம்' சூப்பில் மிதக்கிற காளான் மட்டும்தான். குழாய்க்குள் குடை குடையாகக் காளான் முளைத்திருக்கும் என்று ஆவலாக வாங்கிப் பார்த்தேன். ஒரு காளானும் இல்லை. டயர்க்காரன் பலகை பளிச்சென்று தெரிந்தது. அவன் மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை தெரிந்தது.

"என்ன தெரியுது?"

"எல்லாம் தெரியுது மாமா."

"நடுவுல பால் ஊத்துன மாதிரி இல்ல?"

"இல்லையே."

"நல்லா பாரு புள்ள."

நான் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன், இரண்டையும் மூடாமல் பார்த்தேன். பாலும் இல்லை, பனியும் இல்லை. கடைக்காரியும் வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிறது, இதில் என்ன குறை கண்டீர் என்று அலுத்துக்கொண்டாள். மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளைக் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டார். நான் நம்பிவிட்டேன். பெரியவர்களுக்கு மட்டும் தெரிகிற பனி ஒன்று உலகத்தில் இருக்கிறது, வளர வளர எனக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அது தப்பும் இல்லை.

அதற்கப்புறம் மாமா பார்ப்பதையே நிறுத்திவிட்டார். குழாய்களை என் பக்கமாகத் தள்ளி, உனக்கு எதில் நன்றாகத் தெரிகிறது, நீயே சொல்லு என்றார். இத்தனை பெரிய பொறுப்பு அதுவரை எனக்கு வந்ததில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி எதிர்க்கடைப் பெண்ணின் கம்மலைப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் உள்ளே இருந்த குறுக்குக் கோடுகள் மற்றதைவிடத் தடியாக, ஜன்னல் கம்பிபோல இருந்தன. பார்த்ததும் பிடித்துப் போயிற்று. அதையே எடுத்தோம். ஜப்பானில் செய்ததாம், கர்னலும் உண்டு. நடுத்தரமான விலைதான். மாமா அதையும் பாதிக்கு அடித்துப் பேசி, அவள் எழுந்து போ என்று சொன்ன பிறகு கேட்ட விலையையே கொடுத்து வாங்கினார்.

வீட்டு வாசலிலேயே உம்மா நின்றாள்.

"எங்க, போட்டுக் காட்டு!"

மாமா சட்டைக்குள்ளிருந்து ஒன்றரைச் சாண் கறுப்புக் குழாயை எடுத்தார்.

உம்மா அதை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு பேச்சு நிற்காமல் வந்தது. "கண்ணுக்குப் போடற லூனெத்த வாங்கிட்டு வாடான்னா துப்பாக்கிக்குப் போட்டு அழகு பாக்க வாங்கிட்டு வந்திருக்கியே! துப்பாக்கிக்கா கண்ணு தெரியல?" என்றாள். நான் லூனெத் என்றுதானே சொன்னேன் என்றார் மாமா. நானும் லூனெத் என்றுதானே சொன்னேன் என்றாள் உம்மா. ரெண்டுமே லூனெத்துதானே என்று தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்ன வாப்பாவை இருவரும் சேர்ந்து முறைத்தார்கள். அதற்கப்புறம் உம்மா என் பக்கம் திரும்பி, உன்னை எதற்கடி அனுப்பினேன் என்றாள். அழகாக இருப்பதைத்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். முதுகில் ஒன்று விழுந்தது.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி அரைநாள். மாமா பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து என்னைக் கையோடு கூட்டிப் போனார். வண்டியில் இடிபட்டுக்கொண்டு போகும்போது எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தார். புதுக் குழாயை மாட்டினால் முதலில் குறி தள்ளித்தான் விழும். குண்டு எங்கே படுகிறது என்று ஒருவர் பார்த்துச் சொன்னால், குழாயின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு மூன்று குண்டு அதற்கே போகும், மேலாளரம்மாவும் அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாச் சுடுகளத்திலும் இப்படி ஒருவர் நிற்பது உண்டு.

"நான் திருகுறப்ப தலையத் தூக்கிப் பாக்க முடியாது. நீ பாத்துச் சொல்லு. மேலயா, கீழயா, சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா. தமிழ்லயே சொல்லு, அவங்களுக்கு வெளங்க வேணாம்."

எனக்குத் தெரிந்த தமிழ் வீட்டுத் தமிழ்தான். வலது, இடது என்கிற சொற்களை நான் கேட்டதே இல்லை. சோறு தின்கிற கை சோத்தாங்கை, கால் கழுவுகிற கை பீச்சாங்கை. இரண்டாவது சொல்லை வாய்விட்டுச் சொன்னால் உம்மா அடிப்பாள். ஆகவே சோத்தாங்கை ஒன்றை வைத்தே சமாளிக்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

கிடங்கில் நாங்கள் போனபோது சாப்பாட்டு நேரம். கருவாடு அடுக்குகிற பெண்கள் என்னை நடுவில் உட்காரவைத்து, எங்களுக்காக என்று காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். இங்கே ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் உம்மா கண்முன்னால் நான் சோற்றை எந்தக் கையால் தின்னவேண்டுமோ அந்தக் கையால்தான் தின்பேன். ஆனால் எனக்கு வாகான கை மற்றதுதான். பள்ளியில் சாப்பாட்டுக் குச்சியை அந்தக் கையால்தான் பிடிப்பேன். அங்கே யாரும் கேட்பதில்லை. கிடங்கிலும் அந்தக் கையாலேயே குச்சியைப் பிடித்து ஒரு கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

சுண்ணாம்பு அடித்த சுவர். உச்சி வெயிலில் பார்க்கவே கண் கூசியது. சுவர் மேல் மூன்று பால் டப்பாக்கள். மேலாளரம்மா ஓலைத் தொப்பியோடு நின்றிருந்தாள். அவளுடைய மோட்டார் சைக்கிள் சுவரின் ஓரத்தில் நிற்க, அதன் மேல் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. தூங்கப்போகவேண்டிய ஆட்கள் தூக்கத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மாமா ஒரு அரிசிமூட்டையின் மேல் கராபினைக் கிடத்தி, அதன் பின்னால் மண்டியிட்டுக் கன்னத்தை வைத்தார். இதில் தோற்றால் மாமாவுக்கு வேலை இல்லை. அந்த மட்டும் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

முதல் குண்டு டப்பாவுக்கு அருகே சுவரைப் பெயர்த்தது. எந்தப் பக்கம்? சோத்தாங்கை எது என்று பார்த்தேன். சற்று முன்னால் நூடுல்ஸ் தின்ற கையில் இன்னும் சாற்றுப் பிசுக்கு இருந்தது. அந்தப் பக்கம்தான்.

"சோத்தாங்கைப் பக்கம் மாமா!"

மாமா திருகைத் திருப்பினார். அடுத்த குண்டு அதே பக்கம் இன்னும் தள்ளிப் போயிற்று. இன்னும் சோத்தாங்கைப் பக்கம் என்றேன். அவர் இன்னும் திருப்பினார். அது இன்னும் தள்ளிப் போயிற்று. அவர் திருப்பத் திருப்ப அது ஏன் தப்பான பக்கமே ஓடுகிறது என்று எனக்குத் தலை சுற்றியது. மாமாவின் காதோரம் வியர்வை வழிந்தது. நான் அழுகிற குரலில் சோத்தாங்கை, சோத்தாங்கை என்று கத்த, அவர் ஒரு சுற்று நன்றாகத் திருப்பிச் சுட, மேலாளரம்மாவின் மழைக்கோட்டு ஒரு துள்ளு துள்ளிக் கீழே விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை, திகைக்கவும் இல்லை. இப்போது சரியாகியிருக்கும், டப்பா குழாய்க்குள் நட்டநடுவில் தெரிகிறது என்று வியட்நாமிய மொழியில் எல்லோருக்குமாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உம்மாவின் சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வந்தது. கைகள் இரண்டையும் பார்த்தேன். நூடுல்ஸ் தின்ற கை சோத்தாங்கையே இல்லை. சொல்லவேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் மேலாளரம்மா முந்திக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுவரருகே போனாள். மழைக்கோட்டை எடுத்து உதறி வண்டிமேல் போட்டாள். பிறகு சுவர் மேலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் ஓலைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து எங்களுக்குப் பின்னால் வந்து நின்றாள். கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"இப்போது சுடுங்கள்," என்றாள்.

மாமா கன்னத்தை வைத்தார். குழாய்க்குள் பார்த்தார். ரொம்ப நிதானமாக, வெறும் சுவரைக் குறிபார்த்தார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. அது ஏதோ பெரியவர்கள் விளையாட்டு, மாமாவுக்கும் அதன் விதி தெரிந்திருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் சுட்டார். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"பட்டுச்சா புள்ள?"

நான் திரும்பி மேலாளரம்மாவைப் பார்த்தேன். தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளும் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. இல்லை என்று சொன்னால் மாமா மறுபடி திருகைத் திருப்புவார், எல்லாம் என் கையால் வந்தது, வேலை போய்விடும் என்று மட்டும் என் மண்டையில் ஓடியது.

"பட்டுச்சு மாமா."

"எங்க?"

"நட்ட நடுவுல."

மாமா துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுத்தார். அப்புறம், சரி என்றார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். பையிலிருந்து ஒரு காசை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றி, குழாயைக் கைக்குட்டையில் சுற்றி என் பள்ளிப் பையில் போட்டார். கராபினை இரண்டு கையாலும் ஏந்தி மேலாளரம்மாவிடம் நீட்டி, இனிமேல் இதை வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும் என்றார். இந்த ஊரில் பெரியவர் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கவேண்டும். அவள் ஒரு கையால் வாங்கினாள். மறு கையில் தொப்பி இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பட்டுவிட்டது என்று நான் சொன்ன பிறகு, ஜெயித்தவர் எதற்காகத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்? அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொன்னதெல்லாம் வீண். வரும் வழியில் மாமா கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். நீங்க ஜெயிச்சிட்டீங்கல்ல மாமா என்று கேட்டேன். ஆமா, நீ நல்லா பாத்துச் சொன்ன என்று என் தலையைத் தடவினார். என் குழப்பம் இன்னும் கூடிப்போனதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் உம்மா அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கண்ணில் புரை விழுந்திருந்ததை வெட்டி எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் மாமா முதலில் உம்மாவைப் பார்த்து, என்ன லாத்தா இப்படிக் கிழவியாயிட்ட என்றார். பிற்பாடு கிடங்கிலிருந்தே ஆள் அனுப்பி, எலிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். துப்பாக்கியை அவர் மறுபடி தொடவில்லை. குழாய் வாப்பாவிடம் போயிற்று. நோன்புக்குப் பிறை பார்க்க மொட்டைமாடிக்கு அதைத்தான் எடுத்துப் போவார்.

மாமா மவுத்தாகி, அடக்கம் முடிந்து வெகுகாலம் கழித்து, ஒரு சாயங்காலம் எங்கள் சந்தில் பிள்ளைகள் ஒரு பால் டப்பாவை நிறுத்திவைத்துத் தள்ளி நின்று செருப்பால் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் சின்ன வயதில் ஆடிய ஆட்டம்தான். ஒருவன் எறிந்த செருப்பு டப்பாவில் பட்டது. 'டங்' என்று சந்து முழுக்கக் கேட்டது. கையில் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தகரத்தில் பட்டால் சத்தம் கேட்கும். அன்றைக்கு அந்தப் பின்கட்டில் அத்தனை பேரும் மூச்சடக்கி நின்றபோது, சுவரில் 'பொத்' என்ற ஓசைதான் கேட்டது. வாழ்நாளெல்லாம் சுட்டுப் பழகியவருக்கு அது எதில் பட்டது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. மாமாவுக்குக் கண்தான் மங்கியிருந்தது, காது மங்கவில்லை. படவில்லை என்று தெரிந்துகொண்டேதான் என்னைக் கேட்டிருக்கிறார். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை இன்னொரு திருகு திருப்பியிருப்பார், இன்னொரு குண்டு போட்டிருப்பார். பட்டது என்று நான் சொன்னபோதுதான், பக்கத்தில் நிற்கிற குழந்தைகூடத் தன்னைப் பார்த்துப் பாவப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படியும் விட மனமில்லாமல் 'எங்க?' என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். நட்ட நடுவில் என்று சொல்லித் தொலைத்தேன். கொஞ்சம் ஓரமாகப் பட்டது என்றாவது சொல்லியிருக்கலாம்.